மடிக்கீரை

கேழ்வரகு விதைத்த இருபதாம் நாள் வாக்கில் முதல் களை எடுப்பார்கள். பன்னிரண்டு, பதினைந்து பெண்கள் ஒரே வரிசையாகக் குந்தியபடி, வலது கையில் களைக்கொத்துடன் நகர்ந்துகொண்டே போவார்கள். கோரையும் அருகும் வரப்புக்குப் போகும். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமட்டிக்கீரை, சாரணை இவற்றில் ஏதாவது வந்தால் இடது கை அதை மண் உதறி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக் கட்டிய மடிக்குள் போடும். இதற்காக யாரும் நிமிர்வதில்லை. பேச்சும் நிற்பதில்லை.

எங்கள் ஊர் பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே இருக்கிறது. அங்கே களையெடுப்புக்குக் கூலி கேழ்வரகாக அளக்கப்படும். மடியில் விழுந்த கீரை அளக்கப்படுவதில்லை. அது களையெடுத்தவளுடையது. இதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. கூடை கொண்டுவரக் கூடாது. மடி எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான். அந்தக் கீரையை விற்கக் கூடாது. வீட்டில் கடைந்து தின்றால் அது கீரை, விற்றால் திருட்டு. நிலத்துக்காரர்களும் இதை மீறிப் பேசமாட்டார்கள், களையெடுப்பவர்களும் மீறமாட்டார்கள். மடிக்கீரை விற்றதாக ஒரு பெண்ணைச் சொன்னால் மறுநாளிலிருந்து அவளை எந்த வரிசையிலும் சேர்க்கமாட்டார்கள்.

என்னை வளர்த்தது என் அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது. அக்காவின் புருஷன் கலியாணமான மூன்றாம் வருஷமே காலராவில் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் களையெடுத்த கூலியிலும் மடிக்கீரையிலும்தான் நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். மத்தியானம் கூழ், ராத்திரி களி. களிக்கு எப்போதும் கலவைக்கீரைக் கடைசல்தான். பஞ்சமான வருஷங்களில் களி குறையும், கீரை குறையாது. அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் வயிறு ஊதிச் செத்த பிள்ளைகள் உண்டு, கண் போன பிள்ளை இல்லை. இதை அப்போது நான் கவனித்ததில்லை.

அக்கா மடியைப் பெரிதாகக் கட்டுவாள். ஒருமுறை நிலத்துக்காரரின் ஆள் வரப்பில் நின்று, "இன்னா இது, ஏழு மாசமா?" என்றான். விதவையிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. அக்கா நிமிராமலே, "எட்டு. பொறந்ததும் கடஞ்சி துன்னுடுவேன், நீ கவலப்படாத" என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது. நான் வரப்பில் சிலேட்டுடன் உட்கார்ந்திருந்தேன். சிரித்தேனா என்பது ஞாபகமில்லை.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்து சில வருஷங்களுக்குப் பிறகு ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் எனக்கு வேலை கிடைத்தது. தோல் பதனிட வரும் ஆவாரம் பட்டையை நிறுத்து, ஈரம் பார்த்து, கிடங்கில் வைப்பித்து எழுதிக்கொள்வது என் பொறுப்பு. ஷாப்பை அடுத்த வரிசை வீடுகளில் ஒன்று கொடுத்தார்கள். கோட்டு தைத்துக்கொண்டேன். நாட்குறிப்பு எழுதத் தொடங்கியதும் அந்த வருஷம்தான். எழுந்த நேரம், வேலைக்குப் போன நேரம், வந்தவர் போனவர், மூன்று வேளையும் வீட்டில் சாப்பிட்டது என்று ஒரு நாள் விடாமல் எழுதினேன்.

சாப்பிட்டதை எழுதியதற்குக் காரணம் இருந்தது. களியிலிருந்து சோற்றுக்கு வந்துவிட்டோம் என்பதை எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வெள்ளை அரிசிச் சோறு, ரசம், அப்பளம், ஊறுகாய், நீர்மோர், காலையில் காப்பி. மாதத்தில் ஒருநாள் ஆட்டுக்கறி. அதிலும் ஈரல், குடல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவை எங்கள் ஊரில் கறி வாங்க முடியாதவர்கள் வாங்குவது. மனைவியும் எங்களைப் போன்ற குடும்பத்திலிருந்து வந்தவள். முதல் மாதம் அவள் கேட்டாள்:

"கீரையே இல்லாம எப்டிங்க துன்றது?"

"கடையில விக்குதே."

"அது ஷாப்பு கால்வாய் தண்ணில வளர்றது. சுண்ணாம்பு வாட வருது. அண்ணி வர்றப்ப கொஞ்சம் கொண்டாரச் சொல்லுங்க."

அக்கா சொல்லாமலே கொண்டுவந்தாள். வாரத்தில் ஒருநாள், களை முடிந்து மத்தியானத்துக்கு மேல் கிளம்பி ஐந்து மைல் நடந்து வருவாள். மடியை அவிழ்க்காமல் அப்படியே நடப்பாள். கையில் எடுத்தால் வாடிவிடுமாம். கால் முழுக்கக் கொல்லை மண்ணும் இடுப்பில் பச்சை ஈரமுமாக வந்து நிற்பாள். அண்டை வீட்டுக் கணக்கர்களின் மனைவிமார் கதவருகே நின்று பார்ப்பார்கள். கீரை அடுப்பேறும். என் பெண் அத்தை மடியில் உட்கார்ந்து, அவள் கையால் பிசைந்த சோற்றைத் தின்பாள். நாட்குறிப்பில் அந்தச் சாப்பாட்டை "சாதம், ரசம்" என்று மட்டும் எழுதுவேன்.

முதலாளி முஸ்லிம் என்பதால் வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூத்த கணக்கர் என் வீட்டுக்கு வந்தார். அதுவரை அவர் எங்கள் வரிசையில் யார் வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. வாசலில் நாற்காலி போட்டேன். மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவருகே நின்றாள். நான்கு மணி இருக்கும். அக்கா தெருமுனை திரும்பி வந்தாள்.

மூத்த கணக்கர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாப்பா, உங்க பக்கம் கீரைக்காரி வர்றாளா? எங்க தெருவுல ஒருத்தியும் வர்றதில்ல. எப்டி குடுக்கறான்னு கேளு."

"ஜாஸ்தி சொல்லுவா சார்" என்றேன். பிறகு அக்காவைப் பார்த்து, "வேணாம்மா, போ" என்றேன்.

அவள் நாலடி தூரத்தில் நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள்.

"நல்ல கீரைங்க சாமி. காலைல புடுங்குனது."

"வேணாம்னு சொல்றேன் இல்ல?"

"சரிங்க."

குழந்தை, "அத்த" என்றது. மனைவி அதன் வாயைப் பொத்தி உள்ளே தூக்கிப் போய்விட்டாள். மூத்த கணக்கர் காப்பி நன்றாக இருப்பதாகச் சொன்னார். அக்கா வந்த வழியே திரும்பி நடந்தாள். மடி அப்படியே இருந்தது.

கூடப் பிறந்தவளை யாரோ ஒருத்தி என்று சொன்னது மட்டும் அல்ல இது. மடிக்கீரை விற்கிறவள் என்று, அவள் காது கேட்க, வேறொருவர் முன்னால் ஒப்புக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு அர்த்தம் திருடி. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைய நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: "பிற்பகல் மூத்த கணக்கர் வருகை. காப்பி, முறுக்கு."

அதற்குப் பிறகு அக்கா வரவில்லை. நானும் போகவில்லை. பெண்ணுக்கு அப்போது இரண்டரை வயது.

அவளுக்கு நான்கு வயது ஆகிற சமயத்தில், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசற்படியில் தடுக்கி விழத் தொடங்கினாள். பகலில் தெருவெல்லாம் ஓடுவாள். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுவாள். தண்ணீர்த் தம்ளரை எடுக்கப் போய்த் தட்டிவிடுவாள். "மாலை ஆறு மணிக்குமேல் கவனக் குறைவு. கண்டித்தேன்" என்று எழுதியிருக்கிறேன். கண்டித்ததை விவரமாக எழுதவில்லை. தம்ளரை நிரப்பி அவள் கையில் கொடுத்து, சிந்தாமல் கூடத்தின் மறு கோடிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அவள் இரண்டடி வைத்து நின்றாள். "நைனா, எங்க போறது?" என்று கேட்டாள். பாசாங்கு என்று நினைத்து அடித்தேன். தண்ணீர் சிந்தியதற்கு இன்னொரு அடி.

மறுநாள் மனைவி சொன்னாள்:

"கொழந்தைக்கு மாலக்கண்ணுங்க. நம்ம ஊருங்கள்ல யாருக்குத் தெரியாது? பத்து நாளு கீரை துன்னா போய்டும். ஈரலு கொஞ்சம் சுட்டுக் குடுக்கணும். அண்ணியக் கூப்புடுங்க."

"தை மாசம் லீவு போட்டு வேலூர்ல டாக்டர்கிட்ட காட்டலாம்."

"டாக்டரு கீரைய விட இன்னாத்த குடுக்கப் போறாரு?"

மாலைக்கண் என்று எனக்கும் தெரியும். அதற்கு மருந்து எது என்பதும் தெரியும். மருந்து அக்காவிடம் இருந்தது, அக்கா முகத்தில் விழிக்க எனக்குத் துணிவில்லை. அதைத் தவிர வேறு தடை எதுவும் இருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கிடங்கிலிருந்து சாப்பிட வந்தபோது முறத்தில் சாரணைக்கீரை இருந்தது. கிடங்குக்குப் பின்னால், கழிவுப் பட்டை மேட்டுக்கு அப்பால் முளைத்திருந்ததை மனைவி கொண்டுவந்திருக்கிறாள்.

"பொறுக்கித் துன்ன வைக்கவா உன்ன இங்க கூட்டியாந்தேன்?"

"பொறுக்கல. பறிச்சேன்."

"யாரு பாத்தாங்க?"

"யாரு பாத்தா இன்னா? உங்க பொண்ணுதான் எதையும் பாக்க மாட்டேங்குது."

முறத்தோடு எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டினேன். இது புரட்டாசியில். அவள் மறுபடி பறிக்கவில்லை.

தை வருவதற்குள் மார்கழிக் கடைசியில் குழந்தைக்கு அம்மை வார்த்தது. வாசலில் வேப்பிலை செருகினோம். எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை, கறி மீன் இல்லை, கீரையும் இல்லை. அரிசிக் கஞ்சியும் இளநீரும்தான். இது எல்லா வீட்டிலும் உள்ள கட்டுப்பாடு, இதில் என் பங்கு எதுவும் இல்லை. ஆனால் வேறு வீடுகளில் அம்மை வருவதற்கு முன்னால் குழந்தையின் உடம்பில் ஏதாவது இருந்திருக்கும். கண் இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டன. திறந்து பார்க்கக் கூடாது, அம்மா இறங்கட்டும் என்றார்கள். பதினோராம் நாள் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியபோது வலது கண் பாதி திறந்தது. இடது கண்ணை மனைவி ஈரத் துணியால் துடைத்துப் பிரித்தாள். பிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். கருவிழி இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல் நிறத்தில் இருந்தது. நடுவே மெத்தென்று சரிந்திருந்தது.

அன்றே ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஜட்கா பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இரண்டு கண்ணையும் விளக்கு வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்:

"கொழந்த தெனம் இன்னா சாப்புடும்?"

நாட்குறிப்பு பையில் இருந்தது. நோய் கண்ட தேதிகளைக் கேட்பார்கள் என்று எடுத்துப் போயிருந்தேன். திறந்து, போன மாதத்திலிருந்து வாசித்தேன். சாதம், ரசம், அப்பளம். காப்பி. சாதம், நீர்மோர், ஊறுகாய். சாதம், ரசம். நாலைந்து நாள் வாசித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கீரை?"

"எங்க ஊட்ல கீரை சமைக்கறதில்ல சார்."

"ஏன், கெடைக்கலியா? நிலைமை கஷ்டமா?"

"இல்ல சார். நிலைமை நல்லா இருக்குது. அதனாலதான்."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த நர்ஸ் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். டாக்டர் பார்க்கவில்லை. இடது கண் போய்விட்டது என்றார். வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. நிற்குமா, அதுவும் போகுமா என்பது நாலைந்து நாளில் தெரியும். மீன் எண்ணெய் தருவார்கள். கீரையும் ஈரலும் எந்த விதத்திலாவது உள்ளே போக வேண்டும்.

லாங் பஜாருக்கு ஓடி முளைக்கீரை இரண்டு கட்டு வாங்கிவந்தேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மனைவி கடைந்தாள். குழந்தை வாயைத் திறக்கவில்லை. திணித்ததைத் துப்பிவிட்டது. கண்ணைக் கசக்காமல் இரண்டு கையையும் ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் மனைவி என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அண்ணி கையில துன்னும். போய் கூட்டியாங்க. வர மாட்டேன்னு சொன்னா கால்ல விழுங்க."

மறுநாள் பதினொரு மணிக்கு ஊர்க் கொல்லைகளுக்குப் போனேன். கிணற்றுப் பாசனக் கேழ்வரகில் களை நடந்துகொண்டிருந்தது. வரிசையில் நாலாவதாக அக்கா. தலையில் நரை கூடியிருந்தது. வரப்பில் நின்ற என்னை முதலில் பார்த்தது வேறொருத்தி.

"யாருடி அது, கோட்டு போட்ட களை?"

"புடுங்கி வரப்புல போடு, ஆடு கூட மேயாது" என்றாள் அடுத்தவள். சிரித்தார்கள். அக்காவுக்கு நான் வந்தது தெரிந்துவிட்டது. கொத்து நிற்கவில்லை.

"இன்னா சார், கீரை வோணுமா? மடிக்கீரை விக்கறதில்ல சார். வித்தா திருட்டு."

"பாப்பாவுக்குக் கண்ணு போய்டிச்சிக்கா."

கொத்து நின்றது.

"எந்தக் கண்ணு?"

"எடது. வலது இன்னும் தெரியல. அம்மை வார்த்துது."

"அதுக்கு முன்ன?"

"மாலக்கண்ணு."

"எத்தினி நாளா?"

"ஆறு மாசமா."

அவள் எழுந்து நின்றாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நின்றிருப்பேன். "ஆறு மாசமா" என்று மட்டும் சொன்னாள். பிறகு குனிந்து மடியைப் பார்த்தாள். காலையிலிருந்து சேர்ந்தது கொஞ்சம்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் எழுந்து தன் மடியை அவிழ்த்து அக்கா மடியில் கொட்டினாள். அதற்கு அடுத்தவளும் வந்தாள். என்னைக் களை என்று சொன்னவளும் கொட்டினாள். நிலத்துக்காரரின் ஆள் மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான், எழுந்து வரவில்லை.

ரயிலில் எதிர் எதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் மடியின் மேல் இரண்டு கையையும் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூட வருவது யார் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு நான் தயாராக இருந்தேன். காட்பாடி வரை யாரும் கேட்கவில்லை.

குழந்தைக்கு அவள் குரல் தெரிந்தது. அன்று மூன்று வாய் தின்றது, மறுநாள் ஆறு. அக்கா பதினெட்டு நாள் அந்தத் தாழ்வாரத்தில் இருந்தாள். கோட்டைக்குப் பின்னாலிருந்த கொல்லை ஒன்றில் அரை நாள் களையெடுத்து, அங்கிருந்து மடி நிறைத்துக்கொண்டு வருவாள். வேலூர்க்காரிகள் எப்படி அவளை வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. வலது கண் நின்றது. ஓரத்தில் கடுகளவு பூ விழுந்ததோடு போயிற்று. இடது கண் சுருங்கி மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு அக்கா என் வீட்டுக்கு வந்து போனாள். பின்வாசல் வழியாகத்தான் வருவாள். முன்வாசலால் வா என்று பலமுறை சொன்னேன். "இதான் கிட்ட" என்பாள். கிட்ட இல்லை, சுற்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கார்த்திகையில் இறந்துபோனாள். மூத்த கணக்கர் வந்த அன்று நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

என் பெண்ணுக்கு இப்போது பதினாறு வயது. பார்க்க வந்த இரண்டு இடத்துக்காரர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அம்மை அவள் கண்ணை எடுத்துக்கொண்டது என்றுதான் தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். மனைவி மறுத்ததில்லை. பெண்ணும் அப்படியே நம்புகிறாள். ஒவ்வொரு ஆடியிலும் மாரியம்மன் கோயிலுக்குப் போய் வெள்ளியில் ஒரு கண்மலர் வாங்கிச் சாத்துகிறாள். மிச்சமிருக்கும் கண்ணுக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆடியில் நானும் கூடப் போனேன். கூட்டம் அதிகம். வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது கேட்டாள்:

"நைனா, நான் சின்னதுல இன்னா தப்பு பண்ணேன்?"

"தப்பா?"

"மாரியம்மாவுக்குக் கோவம் வந்துதானே எடுத்துக்கிச்சி? கோயிலாண்ட வச்சிருந்தது ஏதாவது எடுத்துத் துன்னுட்டனா? அத்தைய எவ்ளோ வாட்டி கேட்டேன், சொல்லவே இல்ல. ஒரு தடவ தெரிஞ்சா மன்னிப்பு கேட்டுட்டு வுட்டுடுவேன்."

"நீ எதையும் எடுத்துத் துன்னலம்மா" என்றேன்.

அது உண்மை. அதற்கு மேல் சொல்ல வேண்டியது வாய்வரை வந்தது. அதற்குள் வரிசை நகர்ந்தது, அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். இடப்பக்கம் வருகிறவர்கள் இடித்துவிடாதபடி நான் அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன்.